பாலத்தில் நின்ற எமன்

ஸ்கூடாய், ஜொகூர்
ஆகஸ்டு 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனை அடைத்துவிட்டுச் சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் யாரும் பிடிக்க முடியாது என்று உனக்கு எண்ணம். சுங்கைப் பட்டாணிக்கும் தபால் போகும், ராஜா. நீ கிளம்பின வேகத்தில் இனிப்பு நீர் மாத்திரையைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டாய். உன் வீட்டுக்காரி அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். வெறும் மாத்திரையை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் மாத்திரையைப் போட்டுக்கொள், பிறகு படி. சித்தி கொடுக்கிற கேசரிக்கு வேண்டாம் என்று சொல்லப் பழகு. ஐம்பது வயது நெருங்குகிறது, இன்னும் தட்டைக் காட்டிக்கொண்டே நிற்கிறாய்.

"குழு இன்றோடு கலைந்தது. சாமான்களை விற்று மண்டப பாக்கியை அடைத்துவிடவும்." நம் நாடகக் குழுவின் வாட்சாப் குரூப்பில் நீ போட்ட உத்தரவைப் படித்தேன். சரி, தலைவர் சொல்லிவிட்டாரே என்று பழைய சாமான் வாங்குகிறவரை வரச் சொன்னோம். அவரும் வந்தார். ஒற்றைக் கொம்பு எருமை, தட்டினால் எரிகிற விளக்கு, தெர்மோகோல் கிரீடம், மழையில் நனைந்து எமலோகமும் மாரியம்மன் கோயிலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு படுதா எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அலமாரிக்கு மட்டும் விலை கேட்டார். அலமாரி என்னுடையது. நம் குழுவின் மொத்தச் சொத்துக்கும் சந்தை மதிப்பு இவ்வளவுதான். ஆகவே விற்பதைப் பற்றி இனி பேசாதே.

நம் சாவித்திரி நாடகத்தன்று நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். பொன்னாடை ஒன்று குறைந்தது உனக்குத் தெரியும். யாரோ ஒரு புத்திசாலி ஒப்பனை அறைக்குள் ஓடி எமனுடைய சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து வந்து சிறப்பு விருந்தினர் தோளில் போர்த்தினான். அந்தப் பெரிய மனிதர் அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். உனக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூர் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்த எமன் வேஷக்காரனிடமிருந்து செய்தி: "அண்ணே, பாலத்துல நிக்கிறேன், அசைய மாட்டேங்குது." அதைப் படித்துவிட்டு "எல்லாம் போச்சு" என்று பின்கதவைத் திறந்துகொண்டு போனவன்தான். கார் நிறுத்துமிடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாயாம். அதோடு நாடகம் முடிந்தது என்று முடிவுகட்டி, விடிந்ததும் கெடாவுக்குப் பஸ் ஏறிவிட்டாய். நான் கடைசிவரை பக்கத்தட்டி மறைவில் கையில் வசனத்தாளோடு உட்கார்ந்திருந்தேன். மீதியைக் கேட்டுக்கொள்.

மேடையில் சித்ரகுப்தன் தனியாக நிற்கிறார். அவருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்பதால் எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்துக்குள் ஒட்டி வைத்திருப்பார், உனக்குத் தெரியும். பக்கம் தீர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். எமன் வரவில்லை என்று கையை விரித்தேன். "என்ன பண்றது?" என்று உதட்டை அசைத்தார். "இழு" என்றேன். மனுஷன் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு சபையைப் பார்த்தார். "மூன்றாம் வரிசை, ஊதாச் சட்டை. போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாய். இன்னும் பாக்கி நிற்கிறது." ஊதாச் சட்டைக்காரர் நிஜமாகவே எழுந்து நின்று, "அடுத்த வருஷம் எடுத்துடறேங்க" என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

அதற்கப்புறம் அவரை யாரால் நிறுத்த முடியும்? வடைக் கடை போட்டிருந்த அக்காவை மேடைக்கு வரவழைத்தார். வடையில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறதாமே, பருப்பு எங்கே என்று விசாரணை. அந்த அம்மாள் சும்மா விடுவாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பருப்பு விலை ஏறினப்ப உங்க எமலோகத்துல தூங்கிக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டாளே பார்க்கணும். அதோடு முன்வரிசைக்கு இறங்கினார். "தலைவரே, தோளில் கிடக்கிற துண்டு எங்கள் பிரபுவுடையது மாதிரி தெரிகிறதே?" எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மண்டபத்துக்குப் பாதி வாடகை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர் ஆயிற்றே! அவர் துண்டைப் பார்த்தார், பின்னால் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் மண்டபத்தின் முன்கதவு திறந்தது. நம் எமன். கப்பல் பட்டறைச் சீருடை, பளபளக்கிற மஞ்சள் பட்டை போட்ட மேலங்கி, காலில் இரும்பு மூக்குச் சப்பாத்து, தலையில் மோட்டார் ஹெல்மெட். பாலத்துப் புகை முழுவதும் முகத்தில் அப்பியிருந்தது. ஒப்பனைக்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் அந்தக் கறுப்பை வரவைக்க முடியாது. நடுவழியாக ஓடி வருகிறான். சித்ரகுப்தன் கொஞ்சமும் அசராமல், "பிரபு, ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார். அவன் மூச்சு வாங்க, கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பாலத்துல ஜாம்" என்றான்.

தம்பி, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கணும். அங்கே உட்கார்ந்திருந்த குடும்பங்களில் யாராவது ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூருக்குப் போகிற அந்தப் பாலத்தில் நிற்கிறவர்தானே? ஒரு கிலோமீட்டர் நீளம், 1924-இல் திறந்தது. அன்றாடம் லட்சக்கணக்கான பேர் அதில் போய் வருகிறார்கள். நின்றே பாதி ஆயுள் போகிறது. எமனே அதில் மாட்டிக்கொண்டான் என்றதும் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு தாத்தா, "அப்ப நமக்கு இன்னும் டைம் இருக்கு" என்று கத்தினார். மஞ்சள் மேலங்கிக்கு மேல் சரிகை அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு அவன் மேடை ஏறினான், அதற்குப் பிறகுதான் உன் நாடகம் தொடங்கியது. இரண்டாம் காட்சியை முழுசாக விட்டுவிட்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. நீ மாசக்கணக்கில் அடித்துத் திருத்தி எழுதிய எந்த வசனத்துக்கும் அப்படியொரு சிரிப்பு வந்ததில்லை. பணம் போனதற்காகவா நீ கெடாவுக்கு ஓடினாய்? இல்லை. நீ எழுதாத ஓர் இடத்தில் உன் நாடகம் போய்விட்டது, அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், என்னிடம் மறைக்காதே.

உன் மருமகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, "அம்மா, இதையே ஒருத்தர் நாடகமா எழுதிட்டாரு" என்றாள். மைக்கேல் ஃப்ரேன் என்று ஓர் ஆங்கிலேயராம். 1970-இல் தான் எழுதிய குறுநாடகம் ஒன்றை மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். முன்னால் நடக்கிறதைவிடப் பின்னால் நடக்கிற ஓட்டமும் சாட்டமும்தான் பெரிய வேடிக்கையாக இருந்ததாம். அதை வைத்து 1982-இல் 'நாய்ஸஸ் ஆஃப்' என்று எழுதினார். ஒரே அங்கத்தை முதலில் ஒத்திகையாகவும், அடுத்து மேடைக்குப் பின்னாலிருந்தும், கடைசியில் முன்னாலிருந்தும் காட்டுகிறார். கையில் சார்டின் மீன் தட்டோடு ஆட்கள் கதவுக்குக் கதவு ஓடுகிறார்கள். இணையத்தில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள், விலா வலிக்கச் சிரித்தேன். ஆனால் ஒன்று. அதில் மனிதர்கள் தடுமாறுவது போல இருக்கிறதே தவிர, ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு கதவும் வினாடி பிசகாமல் ஒத்திகை பார்த்தது. அது நமக்கு ஆகாது. நம் ஆள் பாலத்தில் நிற்கிறான்.

நமக்கு ஆகிறது எது என்று அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர் வள்ளி வேஷம் கட்டுவாரே, உனக்கு அப்போது மூன்று வயதோ நாலோ, ஞாபகம் இருக்காது. விடிய விடிய ஆடிவிட்டு, முகத்தைக் கழுவ நேரமில்லாமல் புருவ மையோடும் கன்னத்துச் சிவப்போடும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றார். பேர் கூப்பிட்ட கிராணி ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வள்ளி, முப்பத்தி ரெண்டாம் நிரைக்குப் போ" என்றாராம். அம்மா சாகிறவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா ஒத்திகை பார்த்து நான் கண்டதே இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லாரும் அவரவர் பாட்டையும் தர்க்கத்தையும் தெரிந்து வைத்திருப்பார்கள். ஊர்ப்பக்கம் இன்றைக்கும் இப்படித்தான். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்கிறார்களே, அதில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறு எங்கிருந்தோ. தனித்தனியாகப் பேசி அழைத்த ஆட்கள். இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது, மேடையிலேதான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் செத்தது 1922-இல். அவர் எழுதி வைத்த வள்ளி திருமணம் அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்பதால் நூறு வருஷம் கழித்தும் அது ஓடுகிறது. அதில் ராஜபார்ட்டா முதலில் வருகிறார்? பபூன் வருவான். தனியாகப் பேசிச் சிரிக்க வைப்பான், பிறகு டான்ஸ்காரி வருவாள், இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடக்கும். ராஜபார்ட் அதற்குள் காப்பி குடித்து, வெற்றிலை போட்டு, மீசையையும் ஒட்டிக்கொள்ளலாம்.

பங்சவான் என்கிற மலாய் நாடகத்திலும் இதே ஏற்பாடுதான். நாடகக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்து ஆடுவதைப் பார்த்து இங்கே உள்ளவர்கள் தொடங்கியது அது. 1885-இல் பினாங்கில் கம்பெனி ஆரம்பித்த மாமாக் புஷி என்றால் அப்பாவுக்கு ஏக பெருமை. படுதா மாற்றுகிற நேரத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருத்தர் வந்து பாடுவார், ஒருத்தர் ஆடுவார், இன்னொருத்தர் கோமாளித்தனம் பண்ணுவார். எக்ஸ்ட்ரா டர்ன் என்பார்கள். சிலர் அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்குவார்களாம்.

ஆள் தாமதமாக வருவான், படுதா சிக்கிக்கொள்ளும், விளக்கு அணையும் என்று தெரிந்தவர்கள் உண்டாக்கின மேடை அது. நீயோ தொழிற்சாலை மேற்பார்வையாளர் புத்தியோடு எழுதுகிறாய். 8.12-க்கு எமன் நுழைவு, 8.15-க்கு இடி என்று தாளில் நிமிஷம் போட்டு வைத்திருக்கிறாய். அந்த எமன் அக்கரையில் இரண்டு மணிநேரம் ஓவர்டைம் பார்த்தால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. அவன் வருவதே பெரிசு. வந்து வேஷம் கட்ட நீ ஒரு காசு கொடுத்ததில்லை, அவன் கேட்டதும் இல்லை.

ஒத்திகை நடக்காததற்கு முன்பாவது ஒரு சாக்கு இருந்தது. 2014-இலிருந்து போன வருஷக் கடைசிவரை நமக்கு ஓய்வு நாள் வெள்ளியும் சனியும், அக்கரையில் சனியும் ஞாயிறும். நம் கதாநாயகிக்குப் பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமை எமனுக்கு வேலை, எமன் வீட்டில் இருக்கிற ஞாயிறு அவளுக்குப் பள்ளி. அந்தக் காலம் முழுவதும் சாவித்திரி எமனைச் சனிக்கிழமையில் மட்டும்தான் சந்தித்தாள். இந்த ஜனவரியிலிருந்து இரண்டு பக்கமும் சனி ஞாயிறு ஆகிவிட்டது. இப்போதாவது ஒழுங்காக ஒத்திகை நடக்கும் என்று நினைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கல்யாண வீடு வந்துவிடுகிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் புது ரயில் விடப்போகிறார்களாம், ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விடலாமாம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றுமாம். நல்லது, வரட்டும். அது ஓடினாலும் நம் எமன் தாமதமாகத்தான் வருவான் என்று உன் மச்சான் பந்தயம் கட்டுகிறார்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படி. மாத்திரை கொண்டுவந்த அன்றைக்கு உன் வீட்டுக்காரி அரைமணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். அவள் புகார் சொல்கிற ஜாதி இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. போன வருஷம் மே மாசம் மூன்றாம் கணக்கு என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள், ஐம்பது வெள்ளியிலிருந்து நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்றார்கள். அவசரத்துக்கு என்று கொடுத்ததை நீ படுதாவுக்கு என்று எடுத்துக்கொண்டாய். விளக்கு வாடகை, ஒலிபெருக்கி வாடகை, எமலோகத்துக்குப் புகை மிஷின். அந்தப் புகையில் முன்வரிசைக் குழந்தை இருமினதுதான் மிச்சம். கிழவனான பிறகு நீ எதைச் சாப்பிடுவாய், புகையையா?

அவளுக்கு நாடகத்தின்மேல் கோபம் இல்லை. சொல்லாமல் செய்தாயே, அதில்தான் உடைந்துபோயிருக்கிறாள். வந்ததும் முதலில் அவளிடம் கணக்கைக் காட்டு. குழுப் பணத்தை இனி அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கிற பணத்துக்குள் நாடகம் போடுகிற சாமர்த்தியம் அவளுக்குத்தான் உண்டு.

நாடகத்துக்காகக் குடும்பத்தையே விட்டவர்கள் பெரிய கலைஞர்கள் என்று நீ ஒரு கட்சி பேசுவாய். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கி, வக்கீலாக இருந்து, நீதிபதியும் ஆகி, தொண்ணூறு நாடகத்துக்கு மேல் எழுதி, வேஷமும் கட்டினார். உத்தியோகம் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். அவரைவிட நீ பெரிய ஆளா? அதே மாதிரி சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் தன் புத்தகத்தில் சொல்கிறார். நீ ஒரு காட்சியை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கப் பேனாவைக் கடிக்கிறாய். உனக்கு வேண்டிய புத்திமதியை மட்டும் பெரியவர்களிடம் பொறுக்கி எடுக்காதே.

சேதி ஒன்று பாக்கி. அங்கவஸ்திரத்துத் தலைவர் நேற்றுப் போன் பண்ணினார். தீபாவளி விருந்துக்கு அதே நாடகம் வேண்டுமாம். கோயில் பல்நோக்கு மண்டபம், வாடகை கிடையாது. புகை மிஷின் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்று விஷயத்தை மட்டும் மாற்று. எமன் எந்த நிமிஷம் நுழைந்தாலும் கதை நிற்கிற மாதிரி எழுது. அதுவரைக்கும் சித்ரகுப்தனுக்குச் சபையோடு பேச இடம் விடு, வசனம் எழுதித் தராதே, தந்தால் ஒட்டுவார். மூன்றாவது, மஞ்சள் மேலங்கியை எமன் கழற்றக் கூடாது. அவனிடம் சொன்னேன், "துவைச்சுப் போடவா, அப்படியேவா அக்கா?" என்று கேட்கிறான்.

டிக்கெட்டைவிட வடையில் வசூல் அதிகம் என்பதையும் கணக்கில் பார்த்தேன். வடைக் கடை அக்கா இந்தத் தடவை வசனத்தோடு வேஷம் கொடுத்தால்தான் கடை போடுவேன் என்கிறாள். சாவித்திரியாகவே நடிக்கத் தயார் என்கிறாள், எமன் பயந்துபோயிருக்கிறான். நீ வந்துதான் பேசி முடிக்கணும். பஸ் ஏறுமுன் உன் வீட்டுக்காரிக்கு முதலில் போன் பண்ணு, பிறகு எனக்கு. லார்கின் பஸ் நிலையத்துக்கு உன் மச்சான் காடியோடு வருவார்.

அன்புடன்,
அக்கா